பதினாலாம் கேள்வி

— "ஏரோப்ளேன் ஓட்டுறவரு தப்புப் பண்ணிட்டா, அத அவருகிட்ட யாரு சார் சொல்லுவா?" எம் மக அன்னைக்கிக் கேட்டது இதுதான் கேப்டண்ணே. பன்னெண்டு வருசம் ஆச்சு. சாணார்பட்டி ஸ்கூல் ஆண்டு விழாவுக்கு நீங்க சிறப்பு விருந்தினரா வந்திருந்தீங்க. அவ அஞ்சாப்பு.

— ஞாபகம் இருக்கு பொன்னுத்துரை. ரெட்டச்சட. ஒரு பக்கத்து ரிப்பன் அவுந்து தோள்ல கெடந்துச்சு.

— அம்புட்டு ஞாபகமா! அந்த விழாவுக்கும் போர்டு நான்தாண்ணே அடிச்சேன். எங்கடையோட ரெண்டாவது ஆர்டரு. மொத ஆர்டரு ஒரு காதுகுத்து.

— ஏலே துரை, மாப்ளகிட்ட கத பேசவாடா ஒனக்கு ஃப்ளெக்ஸ் ஆர்டரு குடுத்தேன்? மணி நாலு ஆகப் போகுது. காலையில பஸ் ஸ்டாண்டு வாசல்ல போர்டு நிக்கணும். அந்தோணியார் சாட்சியாச் சொல்றேன், நீ கம்ப்யூட்டர் தட்டுறதப் பாத்தா நெல்லுக்குக் கள பறிக்கிற மாதிரி இருக்கு.

— முடிஞ்சிருச்சு தாஸண்ணே. ஒரே ஒரு டவுட்டு. இருவதுக்குப் பத்து போர்டு. மேல அந்தோணியாரு. நடுவுல நீங்க. இந்தப் பக்கம் கேப்டண்ணன். அந்தப் பக்கம் வார்டு மெம்பரு. கீழ விழாக்குழு முப்பத்தோரு பேரு, வட்ட வட்டமா. எல்லாம் வச்சுட்டேன். ஏரோப்ளேனுக்கு எடமில்ல.

— எடமில்லையா? ஏரோப்ளேன் இல்லாம என்னடா கேப்டன்? பாக்குறவன் ஏதோ கட்சிக் கேப்டன்னு நெனப்பான்.

— வேணும்னா ஒரு றெக்கைய வெட்டிரவா? வெட்டுனா ஒங்க மச்சினன் சேவியரு படத்துக்குப் பின்னால வால் மட்டும் தெரியிற மாதிரி வச்சிரலாம்.

— வெட்டு. ஆனா எஞ்சினு தெரியணும். நாலு எஞ்சினும் தெரியணும்.

— மச்சான், நான் ஓட்டுறதுக்கு ரெண்டு எஞ்சின்தான்.

— நீ சும்மா இரு மாப்ள. ஊரு எண்ணியா பாக்கப் போகுது? நாலு இருந்தாத்தான் கெத்து. ஏலே, எழுத்த வாசி. மாப்ளயும் கேக்கட்டும்.

— "நூற்று அறுபத்திரண்டு உயிர்களைத் தன் கழுகுக் கண்களால் காத்தருளிய அகரம் தந்த சிங்கமே! விண்ணையே வியக்க வைத்த வீரத் திருமகனே! கேப்டன் கிறிஸ்துராஜ் அவர்களே! வருக, வருக! இவண், ஆரோக்கியதாஸ், விழாக்குழுத் தலைவர் மற்றும் கேப்டனின் மைத்துனர்." இதுலயும் ஒரே ஒரு டவுட்டுண்ணே. மொதல்ல கழுகுங்குறோம், பொறகு சிங்கம்ங்குறோம்.

— றெக்க வச்ச சிங்கம்டா. போடு.

— அந்தக் கழுகுக் கண்ண மட்டும் எடுத்துரு பொன்னுத்துரை.

— ஏன் மாப்ள? அதுதான் உசுரே.

— அன்னைக்கி என் கண்ணு வேல செய்யல மச்சான். ஒங்களுக்கு நேத்தே சொல்லிட்டேன். மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்காதீங்க. நான் இங்க வந்தது போர்டு பாக்க இல்ல. இந்தக் காகிதத்த எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் பண்ணி, அஞ்சு மணிக்குள்ள கம்பெனிக்கு மெயில் அனுப்பணும். அதுக்குத்தான் வந்தேன். வீட்டுல நெட்டு இல்ல.

— வீட்டுல நெட்டு இல்லையா? ஏரோப்ளேனே ஓட்டுறீங்க!

— ஒன் போர்டு கட்டுற பசங்க நேத்து எங்க தெருவுல கம்பு நட்டாங்கல்ல? குழி தோண்டயில கேபிள அறுத்துட்டாங்க.

— அய்யய்யோ. மன்னிச்சிருங்கண்ணே.

— அது சரி, விடு. இந்தக் காகிதத்துல பதினேழு கேள்வி. பதினாறுக்கு எழுதிட்டேன். பதினாலுதான் பாக்கி.

— அப்படி என்னண்ணே பதினாலுல?

— "தவறை முதலில் கண்டு சொன்னவர் யார்?" பக்கத்துல ரெண்டு கட்டம். ஒண்ணு கேப்டன், ஒண்ணு துணை விமானி. ஏதாச்சும் ஒண்ணுல டிக் போடணும்.

— இதுல என்ன யோசன? கேப்டன்ல போடு. கண்டுபிடிச்சது நீ. மேல ஏத்துனது நீ. காப்பாத்துனது நீ. ஊரே சொல்லுது.

— ஊரு அந்த ஃப்ளைட்டுல இல்ல மச்சான்.

— நம்ம சூசை மகன் ரோஹித்து இருந்தானா இல்லையா? ஜன்னலோரத்துல உக்காந்து வீடியோ எடுத்தானா இல்லையா? "எறங்கப்போன விமானத்த நொடியில மேல ஏத்தி எங்க உயிரக் காப்பாத்துன திண்டுக்கல் கேப்டன்"னு போட்டானா இல்லையா? நாலு லட்சம் பேரு பாத்திருக்காய்ங்க. நாலு லட்சம் பேரு பொய்யா?

— ரோஹித்து எடுத்தது றெக்கையத்தான். றெக்கையில எம்மூஞ்சி தெரியாது.

— கேப்டண்ணே, நான் ஒண்ணு கேக்கலாமா? வீடியோவ நானும் பத்து தடவ பாத்துட்டேன். கீழ வருது, வருது, சர்ருன்னு மேல போகுது. என்னதாண்ணே நடந்துச்சு?

— நம்ம பைபாஸ் இருக்குல்ல. நாலுவழி ரோடு. பக்கத்துலயே சர்வீஸ் ரோடு.

— ஆமா. ஆடு நிக்கும். லாரிய வரிசையா நிப்பாட்டி வச்சிருப்பாய்ங்க.

— ரன்வேங்கிறது நாலுவழி ரோடு. எறங்குறது அதுல. டாக்ஸிவேங்கிறது அந்தச் சர்வீஸ் ரோடு. கெளம்பப் போற ஃப்ளைட்டெல்லாம் அதுல வரிசையா நிக்கும். அந்த ஊர்ல ரன்வே ரெண்டு. எனக்கு வலதுபக்கத்து ரன்வேன்னு சொல்லிட்டாங்க. ராத்திரி எட்டு மணி. மேலருந்து பாத்தா, லைட்டு எரியிற கோடு ரெண்டு தெரியுது. ரெண்டுல வலதுபக்கத்தத நான் எடுத்துக்கிட்டேன்.

— சரியாத்தானண்ணே எடுத்தீங்க?

— எடதுபக்கத்து ரன்வேய அன்னைக்கி ரிப்பேருக்காக மூடி, லைட்ட அணைச்சிருந்தாங்க. அப்ப எரிஞ்சது எது ரெண்டு? வலது ரன்வே ஒண்ணு. அதுக்கும் வலதுல டாக்ஸிவே ஒண்ணு.

— அப்ப நீங்க...

— நான் சர்வீஸ் ரோட்டுல எறங்கப் போனேன் பொன்னுத்துரை. அதுல நாலு நின்னுச்சு.

— லாரியா? ச்சீ, ஏரோப்ளேனா?

— ஏரோப்ளேன். நாலுலயும் ஆளுக இருந்தாங்க. சீட்டு பெல்ட்டு போட்டு உக்காந்திருந்தாங்க.

— எஞ்சாமி.

— ஏலே, இது கடையோட இருக்கணும். வெளிய போச்சுன்னா ஒன் போர்டுக்கு ஒரு ஆர்டரு வராது பாத்துக்க. மாப்ள, ஒனக்குக் கூறு இருக்கா? இவன்கிட்டப் போயி இதெல்லாம் சொல்லிக்கிட்டு!

— கேட்டாரு, சொன்னேன்.

— யாரு கேட்டாலும் சொல்லிருவியா? அந்தோணியார் சாட்சியாச் சொல்றேன் மாப்ள, கடைசி நேரத்துல ஆண்டவரு ஒங்கையப் புடிச்சு மேல தூக்குனாரு. அதத்தான் ஊரு கொண்டாடுது.

— அந்தோணியாரு அங்க இருந்தாரா மச்சான்?

— ஏன் இல்லாம?

— இருந்திருந்தா அவருக்கும் தெரிஞ்சிருக்கும், தூக்கச் சொன்னது யாருன்னு. அந்தத் துணை விமானிப் பொண்ணு ஜீவிதா சொல்லுச்சு. எம்பக்கத்து சீட்டுல. மூணு தடவ சொல்லுச்சு.

— மூணு தடவையாண்ணே?

— மொத தடவ, "சார், ரன்வே லைட்டு வெள்ளையா இருக்குமுங்க. இது பச்சையாத் தெரியுதுங்க"ன்னுச்சு. "தெரியுது"ன்னேன். ரெண்டாவது தடவ, "சார், ஒருக்கா மேல ஏறிச் சுத்தி வந்து பாத்துக்கலாமுங்களா"ன்னுச்சு. "நான் இருவது வருசமா எறக்குறேன்"னேன். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துப் பொண்ணு. மருவாதையில ஒரு கொறையும் வைக்காது. அது ஒரு தடவ மருவாதையாப் பேசி முடிக்கிறதுக்குள்ள நாங்க முன்னூறு அடி எறங்கிட்டோம்.

— மூணாவது தடவ?

— மூணாவது தடவ சாரும் இல்ல, ங்க-வும் இல்ல. "ஏத்து!"ன்னு ஒரே கத்து. கையி தானா ஏத்திருச்சு. கீழ கன்ட்ரோல் டவர்லருந்தும் சொன்னாங்க, ஆனா அவங்க சொல்லயில நாங்க ஏற ஆரம்பிச்சுட்டோம். கீழ நின்னதோட வாலு எங்களுக்கு எம்புட்டுத் தூரத்துல இருந்துச்சுன்னு கேக்காத. நான் இன்னும் எம்பொண்டாட்டி அன்புக்கரசிகிட்டக்கூடச் சொல்லல.

— பாத்தியா, இதையும் எழுது. கேப்டன "ஏத்து"ன்னு ஒருமையில பேசியிருக்கா. மருவாத தெரியாத பொண்ணுன்னு எழுது.

— மச்சான், அந்த மருவாத இன்னொரு வாட்டி இருந்திருந்தா, இந்தப் போர்டுல எம்படத்துக்கு மால போட்டிருப்பீங்க. "கண்ணீர் அஞ்சலி"ன்னு இருந்திருக்கும்.

— அதுக்கு ரேட்டு வேறண்ணே. அவசரத்துக்கு அடிக்கணும்ல, கூடத்தான்... மன்னிச்சிருங்க. வாயில வந்திருச்சு.

— நீ வாய மூடுறா. மாப்ள, இங்க பாரு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அந்த ரூம்புக்குள்ள நீங்க ரெண்டு பேருதான?

— ஆமா.

— பேசுறத எல்லாம் ஒரு பொட்டியில பதிவு பண்ணுமாமே. அது?

— அது கடைசி ரெண்டு மணி நேரத்தத்தான் வச்சிருக்கும். மறுநா காலையில அதே ஃப்ளைட்ட வேற ஆளுக எடுத்துட்டுப் போயிட்டாங்க. கம்பெனிக்கு விசயம் தெரியிறதுக்குள்ள அது மேலயே வேற பேச்சு பதிஞ்சிருச்சு. எவ்வளவு ஒசரம், என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்புச்சு, எல்லாம் வேற பொட்டியில இருக்கு. யாரு என்ன பேசுனாங்கன்னு மட்டும் இல்ல.

— ஸ்தோத்திரம்! இத ஏன் நீ மொதல்லயே சொல்லல? அப்ப ஒன் வாயிதான் சாட்சி. ஒம்பேச்சுதான் எடுபடும். நீ இருவது வருசம். அவ எத்தன மாசம்?

— எட்டு மாசம். இன்னும் பயிற்சிக் காலம்.

— ஆச்சு. முடிஞ்சிருச்சு.

— முடிஞ்சிருமா? பதினாலுல நான் எம்பேர்ல டிக் போட்டா, அடுத்த கேள்வி என்ன தெரியுமா? "துணை விமானி ஏன் சொல்லவில்லை?" பயிற்சிக் காலத்துல அந்த ஒரு வரி போதும், வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதுக்கப்புறம் வேற எந்தக் கம்பெனியும் கூப்பிடாது. அவங்கப்பா வேலுசாமி முருங்கத் தோட்டம் வச்சிருந்தவரு. பாதித் தோட்டத்த வித்துத்தான் படிக்க வச்சாரு.

— மீதிப் பாதி இருக்குல்ல?

— தாஸண்ணே!

— என்னடா தாஸண்ணே? நான் என்ன ஈவு எரக்கம் இல்லாதவனா? அந்தப் பொண்ணுக்காக நவநாள் செபத்துல அவ பேரச் சொல்லி வேண்டிக்க ஒரு கருத்துக் குடுத்துருவோம். வேற வேல கெடைக்கும். சின்ன வயசு. மாப்ளக்கி நாப்பத்தேழு. டிக்க அந்தப் பொண்ணு கட்டத்துல போட்டா என்ன ஆகும்? மாப்ள, நீயே சொல்லு, இவனும் கேக்கட்டும்.

— தோள்ல நாலு பட்ட இருக்குல்ல, அது மூணாகும். திரும்பப் படிக்கணும், பரிட்ச எழுதணும். ரெண்டு வருசமோ மூணு வருசமோ, துணை விமானியா வலதுபக்கத்து சீட்டுல உக்காரணும். எங்கூடப் படிச்சவன் எனக்குக் கேப்டனா இருப்பான்.

— கேட்டியாடா? நாளைக்கி நாங்க பொன்னாட போத்துறோம், நாளக்கழிச்சு அங்க பட்டயப் பிடுங்குறாய்ங்க. அகரத்துல நான் எப்படித் தல நிமிந்து நடப்பேன்? பிரியாணிக்கு ஆட்ட வேற சொல்லியாச்சு.

— நீங்களும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க மச்சான். அன்னைக்கிச் சாயங்காலம் ஆறே முக்காலுக்கு எனக்குப் போன் பண்ணது யாரு?

— யாரு? நான்தான். அதுக்கு என்ன?

— என்ன விசயமா?

— தேர்பவனிக்கி ஒன்னையக் கொடியசைக்கச் சொல்லலாம்னு... மெம்பரு பக்கத்துல இருந்தாரு, ஒரு வார்த்த பேசணும்னு ஆசப்பட்டாரு. ஒரே ஒரு நிமிசம்.

— பதினேழு நிமிசம். மால ரோசாவா சம்பங்கியான்னு ஒரு பேச்சு. கொடி மஞ்சளா வெள்ளையான்னு ஒரு பேச்சு. அப்ப எங்கையில இருவத்தேழு பக்கக் காகிதம் இருந்துச்சு. கெளம்புறதுக்கு முன்னாடி வாசிச்சே ஆகணும். எந்த ஊர்ல எந்த ரன்வே மூடியிருக்குன்னு அதுலதான் இருக்கும். நான் பதினெட்டாம் பக்கம் வரைக்கும் வந்திருந்தேன். எடது ரன்வே மூடியிருக்குங்கிறது பத்தொம்பதாம் பக்கம். ஜீவிதா இருவத்தேழு பக்கமும் வாசிச்சிருந்துச்சு. அதுக்குத் தேர்பவனி இல்ல.

— அப்ப... அப்ப நாந்தான் காரணம்ங்கிறியா?

— இல்ல மச்சான். போன் பண்ணது நீங்க, எடுத்தது நான். எடுக்காம இருந்திருக்கலாம். மெம்பரு "கேப்டன் சார், கேப்டன் சார்"னு பேசுனது எனக்கு நல்லா இருந்துச்சு. வைக்க மனசில்ல. அதான் நெசம். இத நான் ஒங்ககிட்டச் சொல்றதுக்கே ஒம்போது நாளு ஆயிருக்கு.

— தாஸண்ணே, தண்ணி குடிங்க. ஒக்காருங்க. ஃபேன இந்தப் பக்கம் திருப்புறேன்.

— ஆறே முக்கால்னு நல்லாத் தெரியுமா?

— தெரியும்.

— தங்கச்சிகிட்டச் சொல்லிறாதடா மாப்ள. எனக்குப் பயமா இருக்கு. ஒனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? இதுக்குத்தான் சொல்றேன், எழுதாத. சாமியாருகிட்டப் போயி பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. நானும் வந்து பண்ணுறேன். ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் போதும். கம்பெனிக்கி எதுக்குத் தெரியணும்?

— ஆண்டவருக்கு ஏற்கெனவே தெரியும். அவருக்குச் சொல்றதுல எனக்கு ஒரு நட்டமும் இல்ல. சாமியாரு என்னைய மன்னிச்சிருவாரு. ஜீவிதாவ வேலைக்குச் சேத்துக்குவாரா?

— அப்படின்னா ஒரு வழி சொல்றேன். ரெண்டு கட்டத்துலயும் டிக் போடு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாத்தோம்னு எழுது. யாருக்கும் பாதகமில்ல. அவளுக்கும் வேல இருக்கும், ஒனக்கும் பட்ட இருக்கும், ஆடும் வீணாப் போகாது. யோசிக்கிறான் பாரு துரை. மாப்ள யோசிக்கிறான்.

— யோசிக்கத்தான் செய்றேன் மச்சான். நான் ஒண்ணும் புனிதர் இல்ல. ஒம்போது நாளா இந்த ரெண்டு டிக்கத்தான் நானும் யோசிக்கிறேன். மூத்தவன் காலேஜ் சேரணும். வீட்டு லோன் இருக்கு. வலதுபக்கத்து சீட்டுல உக்காந்து "சார், சார்"னு சொல்றத நெனச்சாப் பேனாவ மூடி வச்சிர்றேன்.

— கேப்டண்ணே, நான் சின்ன ஆளு. ஒரே ஒரு டவுட்டு.

— சொல்லுப்பா.

— அன்னைக்கி ஸ்கூல்ல எம் மகளுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க? ஞாபகம் இருக்குன்னீங்களே.

— "தப்புப் பண்ணாத்தானம்மா சொல்றதுக்கு? கேப்டன் தப்பே பண்ண மாட்டாரு"ன்னேன். எல்லாரும் கை தட்டுனாங்க.

— ஆமா, நானும் தட்டுனேன். ஆனா அவ உக்காரல. "சரி சார், பண்ணிட்டா?"ன்னு திருப்பிக் கேட்டா.

— அதான! அந்தப் புள்ளயா? ரொம்ப வாயாச்சே! நாந்தான் மைக்கப் பிடுங்கி, "ஏய் பாப்பா, உக்காரு, பெரியவங்க சொன்னா கேட்டுக்கணும்"னு ஒரு அதட்டு அதட்டுனேன். ஒன் மகளுன்னு அப்பத் தெரியாதுடா துரை.

— தெரிஞ்சாலும் அதட்டியிருப்பீங்க, விடுங்க. கேப்டண்ணன் சிரிச்சாரு. நானும் சேந்து சிரிச்சேன். வீட்டுக்குப் போயும், "பெரிய மனுசன்கிட்ட அப்படியாடி கேப்ப"ன்னு நாலு வார்த்த வஞ்சேன். அதான் ஏனோ இன்னைக்கி மனசுல ஓடுது.

— இப்ப எங்க இருக்கு அந்தப் புள்ள?

— அறிவுச்செல்விண்ணே. கோயம்புத்தூர்ல நர்சு. பெரிய ஆசுபத்திரி. சேந்து ஒரு வருசம் ஆச்சு. இப்பெல்லாம் ரொம்ப அமைதி. போன் பண்ணா "ம்", "சரிப்பா", அம்புட்டுத்தான். மேடம், டாக்டரு எல்லாரும் தங்கமான புள்ளங்குறாங்களாம், எதித்து ஒரு வார்த்த பேசாதுன்னு.

— இந்தா, மெம்பரு கூப்பிடுறாரு. அலோ, அண்ணே! வணக்கம்ண்ணே! ஆமாண்ணே, மாப்ள எம்பக்கத்துலதான்... என்னது, படம் சின்னதா இருக்கா? யாருண்ணே சொன்னா? அய்யோ, ஒங்க படத்தப் போயி... இருங்க, இருங்க, நேர்லயே வாரேன்... துரை, அச்சுல ஏத்திறாத, நான் போயி வேற படம் வாங்கிட்டு வந்துர்றேன். மாப்ள, ரெண்டு டிக்கு. மறந்துறாத. ரெண்டு! அந்தோணியார் சாட்சியா வந்து பாப்பேன்.

— போயிட்டாரு. போன வைக்க மாட்டாருண்ணே, வண்டி ஓட்டிக்கிட்டே பேசுவாரு.

— அவரச் சொல்லி என்ன? மணி என்ன பொன்னுத்துரை?

— நாலே முக்கால். அண்ணே, ஸ்கேனர் இந்தா இருக்கு. காகிதத்தக் கவுத்து வச்சு இந்தப் பச்ச பட்டன அமுக்குனா உள்ள வந்துரும். மெயில் தெறந்தே இருக்கு. எனக்கு இங்கிலீசும் வராது, அடுத்தவுக காகிதத்தப் பாக்குற பழக்கமும் இல்ல. நான் டீ வாங்கிட்டு வாரேன்.

— டீக்கட எதுத்தாப்லதான இருக்கு? ஒரு சத்தம் குடுத்தா பத்தாதா?

— எதுத்தாப்லதான். ஆனா எனக்குச் செத்த நேரம் ஆகும்ண்ணே. கதவச் சாத்திட்டுப் போறேன். யாரும் வர மாட்டாங்க. ஆங், செல்வி நம்பரு அந்தக் காலண்டருக்குக் கீழ எழுதியிருக்கு. சும்மா சொன்னேன். ஏதாச்சும் தேவன்னா.

*

— ஹலோ... அப்பாவா? என்னப்பா கடை நம்பர்லருந்து?

— அப்பா இல்லம்மா. நான் கிறிஸ்துராஜ் பேசுறேன். அகரம். ஏரோப்ளேன் ஓட்டுறவரு.

— சார்? கேப்டன் சாரா? அப்பாவுக்கு ஏதும்...

— அப்பா நல்லா இருக்காரு. டீ வாங்க எதுத்த கடைக்கிப் போயிருக்காரு. போயி பத்து நிமிசமாச்சு. நீ வேலையில இருக்கியா?

— டூட்டி முடிஞ்சிருச்சு சார். ஹாஸ்டலுக்குக் கெளம்புறேன். சொல்லுங்க சார்.

— நீ அஞ்சாப்புப் படிக்கையில எங்கிட்ட ஒரு கேள்வி கேட்ட. நான் பதில் சொல்லல. கைதட்டு வாங்கிட்டுப் போயிட்டேன். இன்னைக்கிப் பதில் கொண்டாந்திருக்கேன்.

— அய்யோ சார், அது ஏதோ சின்னப் புள்ளையில...

— நான் தப்புப் பண்ணேன்மா. எறங்கக் கூடாத எடத்துல எறங்கப் போனேன். பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு, ஒன்னவிட ரெண்டு வயசு மூத்தது. அதுதான் சொல்லுச்சு. மூணு தடவ சொல்லுச்சு. ரெண்டு தடவ நான் கேக்கல. யாரு சொல்லுவான்னு கேட்டியே, அந்தப் பொண்ணு சொல்லும். ஜீவிதான்னு பேரு. இப்பத்தான் அத எழுதிக் கம்பெனிக்கி அனுப்புனேன். ஒரு டிக்குதான். அது பேர்ல.

— சார்... அங்க வேற யாரும் இருக்காங்களா?

— யாரும் இல்ல. எம் மச்சானோட விழாக்குழு ஆளுக முப்பத்தோரு பேரு கம்ப்யூட்டர்ல சிரிச்சுக்கிட்டு இருக்காங்க, அம்புட்டுத்தான். நீ ஏம்மா அழுகுற?

— இல்ல சார்.

— அழுகுற. சொல்லு.

— போன வாரம் ஒரு பாட்டிக்கி, பெரிய டாக்டரு சீட்டுல மருந்து அளவத் தப்பா எழுதிட்டாரு சார். ஒரு புள்ளி விட்டுப் போச்சு. பத்து மடங்கு. எங்கையிலதான் சீட்டு இருந்துச்சு. தப்புன்னு தெரிஞ்சுச்சு. நான் கேக்கல சார். ஊசியில மருந்த ஏத்திக்கிட்டே நின்னேன். இன்னொரு நர்சக்கா தற்செயலா வந்து சீட்டப் பாத்து, ஓடிப் போயி டாக்டருகிட்டச் சொன்னாங்க. அந்தப் பாட்டி பொழச்சுக்கிட்டாங்க. அதுலருந்து எனக்குத் தூக்கமே இல்ல.

— ஏன் தாயி கேக்கல?

— கேக்கணும்னுதான் சார் வாயத் தெறந்தேன். "உக்காரு"ன்னு மைக்ல ஒரு சத்தம் கேட்டுச்சு. அது எப்பவும் கேக்கும் சார். அன்னைக்கி உக்காந்தவதான்.

— அப்ப எந்திரி தாயி. அன்னைக்கி உக்காந்திருக்க வேண்டியது நாந்தான்.